விலை இறங்கிய பிறகு

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பெரியவர் வழக்கம்போல் உன்னைத் திட்டிவிட்டுத்தான் உன் நலத்தை விசாரித்தார். நெடுநாள் மௌனத்திற்கு என்னை நீ பிறகு கண்டித்துக்கொள்ளலாம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனத்தில் சுழன்றுகொண்டிருப்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் ஊசி, அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் மேல் விலை வைக்கப்பட்டிருக்கும் அந்த ஊசி, 2027 முதல் 120 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்குக் கிடைக்கப்போகிறது என்று பக்கம் பக்கமாகக் கொண்டாடியிருக்கிறாய். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த மருந்தின் பரிசோதனையில் மக்கள் பங்கேற்ற பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகள் அந்த 120-இல் இல்லை. ஒரு பைசா குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் உன் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது?

விலை இறங்குவது மட்டும் போதாது என்பதற்கு 2001-ஐ நினைத்துப் பார். ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அறிவித்தபோது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் இரவு முழுவதும் பேசித் தீர்த்தோம். அந்த மருந்து உண்மையிலேயே மக்களைச் சென்றடைந்தது. அதற்கு விலை மட்டுமே காரணம் அன்று. மருந்தின் தரத்தைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் தொடங்கியது. 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்ப்பதற்கான உலக நிதியம் பிறந்து, பல நாடுகளின் கொள்முதலுக்குப் பணம் தந்தது. மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கியதால் கிடங்கிலும் மருத்துவமனையிலும் கையாள்வது எளிதாயிற்று. வாங்குபவர் உண்டு என்ற நம்பிக்கை வந்ததால்தான் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். அவர்கள் பெருகியதால்தான் விலை மேலும் சரிந்தது.

இப்போது பென்சத்தீன் பெனிசிலின் என்ற ஊசி மருந்தைப் பார். அதற்குக் காப்புரிமை ஏதும் இல்லை, விலையும் அற்பம், உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அதற்கு இடம் இருந்தது. வாதக் காய்ச்சலால் இதயம் பழுதான குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், அந்த ஊசியைப் போட வேண்டும். சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் தொற்றிய கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள குழந்தையைக் காக்கவும் பரிந்துரைக்கப்படுவது அது ஒன்றுதான். அப்படிப்பட்ட மருந்துக்குக் கடந்த பத்தாண்டில் நாட்டுக்கு நாடு தட்டுப்பாடு வந்ததே, யாரைக் குற்றம் சொல்வாய்? மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே முழு ஆணையையும் ஆண்டுக்காண்டு கொடுத்துக்கொண்டிருந்தால், லாபம் காணாத மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிவிடுகிறார்கள். மிஞ்சிய ஓர் ஆலையில் பழுது ஏற்பட்டால் அந்த ஊசி எங்கிருந்து வரும்? மருந்தை மேலும் மலிவாக்குவது அந்தக் குழந்தைக்கு எந்த வகையிலும் உதவாது. இதை எண்ணும்போது எனக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை.

கடும் வலியைத் தணிக்கும் ‘மார்பின்’ என்ற மருந்தின் கதையோ முற்றிலும் வேறு. அதுவும் பழைய, மலிவான மருந்து. அதைத் தடுத்து நிறுத்துவது போதைப்பொருள் சட்டமும், நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவாரோ என்ற அச்சமும். ஆகவே புற்றுநோயாளிகள் பலர் வலியில் துடித்தே இறக்கிறார்கள். உகாண்டாவில் மார்பின் தூளை வரவழைத்து, நீரில் கரைத்து, வாய்வழி மருந்தாகக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியரும் அதைப் பரிந்துரைக்கலாம் என்று 2004-இல் விதியை மாற்றினார்கள். மருத்துவர் எட்டாத இடங்களிலும் அதனால் வலி தணிந்தது. பெருஞ்செல்வமுள்ள நாடு செய்த காரியம் இல்லை இது.

ஆகவே மருந்துக் கொள்முதல் பற்றி நீ தயாரிக்கும் அந்த அறிக்கையில் விலைப் பட்டியலோடு நிறுத்திவிடாதே. எந்த மருந்துக்கு எத்தனை தயாரிப்பாளர்கள் உள்ளனர், ஆணையை இருவருக்கோ மூவருக்கோ பகிர்ந்தளிக்க விதி இடம்தருகிறதா, பல நாடுகள் சேர்ந்து சில ஆண்டுகளுக்கான கொள்முதலை முன்கூட்டியே உறுதிசெய்ய இயலுமா என்பவற்றையும் எழுது. பகிர்ந்தளித்தால் விலை சற்று ஏறும் என்று நீ வாதிடுவாய். ஏறட்டும் என்பதே என் பதில். எவ்வளவு வரை ஏறலாம் என்பதை உன்னைவிட நன்றாகக் கணக்கிடுபவர் நமக்குள் எவரும் இல்லை. பெனிசிலினில் தொடங்கிக் கணக்குப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய எதிர்க்கட்சி