தேன் எடுக்காத பெட்டிகள்

தெ புக்கே, நியூசிலாந்து
நவம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை போன் விட்டு விட்டுக் கேட்டதால் உங்களிடம் ஒழுங்காகப் பேச முடியவில்லை. "மக்களே, இந்த சீசனில் எத்தனை கிலோ தேன் எடுத்தீங்க?" என்று கேட்டீர்கள். ஒரு கிலோகூட எடுக்கவில்லை அப்பா. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த மாதம் எங்கள் தேனீப் பெட்டிகள் எல்லாம் கிவிப் பழத் தோட்டங்களில் வாடகைக்கு இருக்கின்றன. நம் ஊரில் பாகலுக்குப் போடுவது போலவே பந்தல். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கொடி படர்ந்து, பூவெல்லாம் அடியில் கவிழ்ந்து தொங்கும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்கு வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும்.

ஆனால் இந்தப் பூவில் தேன் சுரப்பதே இல்லை! நம் ரப்பர் மரத்தில் பூவே வேண்டாம், மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் தேன் கசியும், தேனீ அங்கே போய் உட்காரும். இங்கே நேர் எதிர், பூ உண்டு, தேன் கிடையாது. பெண் பூவிலும் மகரந்தம் இருக்கிறது, ஆனால் அது முளைக்காது. ஈக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டிலும் ஏறி இறங்குவதால்தான் இத்தனை பெரிய தொழில் நடக்கிறது.

தேன் இல்லாத பூவுக்கு ஈ ஏன் போக வேண்டும்? அதற்குத்தான் பெட்டிக்குள் சீனிப்பாகு ஊற்றுகிறோம். பாகு வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டால், தேன் தேடி வெளியே அலைய வேண்டிய ஈக்கள் மகரந்தம் எடுக்கப் போகின்றன. மூடியைத் திறந்து ஒரு லிட்டர் ஊற்றி மூடிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். சாயங்காலம் கையுறை முழுக்கப் பிசுபிசுவென்று இருக்கும். சீனி கலந்த அடையைத் தேன் என்று விற்கக் கூடாது, அதனால் அதில் நாங்கள் கை வைப்பதில்லை.

பெட்டியை முன்கூட்டியே கொண்டு வைத்தால் ஈக்கள் பக்கத்துப் புல்வெளியில் குளோவர் பூவைப் பழகிக்கொள்ளும், பிறகு பந்தலுக்குள் திரும்பாது. பெண் பூக்கள் கொஞ்சம் விரிந்த பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுபோய் இறக்குகிறோம். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, சுமார் எட்டுப் பெட்டி. தலையில் சிவப்பு விளக்குக் கட்டிக்கொள்வோம், சிவப்பு ஈயின் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் இத்தாலியத் தேனீ. நம் அடுக்குத் தேனீயைவிடப் பெரியது. இதுவும் இந்த ஊர்க்காரி இல்லை, 1839-ல் மேரி பம்பி என்ற பெண்மணி கப்பலில் கொண்டுவந்தது. கிவிக்கொடியும் 1904-ல் சீனாவிலிருந்து விதையாக வந்ததுதான்.

நேற்று ஒரு பழத்தை நறுக்கிப் பார்த்தேன், போன அறுவடையில் குளிர்அறையில் வைத்தது. நல்ல பழத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்கும் அப்பா, கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். என் கையில் இருந்த பழத்தில் ஒரு பக்கம் விதை குறைவு, அந்தப் பக்கம் சதையும் ஒடுங்கியிருந்தது. அந்தப் பூவுக்கு ஈ சரியாகப் போகவில்லை. முன்பெல்லாம் பழத்தை நறுக்கினால் சாப்பிட்டு முடிப்பேன், இப்போது முதலில் விதையைத்தான் பார்க்கிறேன்.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் ஒரு தோட்டத்தில் பதினாறு பெட்டிகளுக்கு முன்னால் ஈக்கள் குவிந்து செத்துக் கிடந்தன. சில நாக்கை நீட்டியபடியே கிடந்தன. பக்கத்தில் யாரோ பகலில் மருந்து அடித்திருக்கிறார்கள். காலில் மகரந்தப் பொட்டலம் அப்படியே ஒட்டியிருந்தது. கையால் அள்ளியபோது 1992 நினைவுக்கு வந்தது. வைரஸ் நோய் வந்து மார்த்தாண்டம் முழுக்கக் கூடுகள் காலியானபோது, நீங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்களே. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. எதற்கு என்று அன்றைக்குப் புரியவில்லை.

பூ முடிந்ததும் பெட்டிகளை மானுக்கா என்ற செடி பூக்கும் மலைப்பக்கம் ஏற்றிவிடுவோம். தேன் அங்கேதான்.

அங்கே இப்போது மழை, நீங்களும் சிரட்டையில் சீனித் தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பீர்கள். நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சீனி கரைக்கிறோம், நீங்கள் ஈயைப் பிழைக்க வைக்க, நான் வேலைக்கு அனுப்ப. மழை விட்டதும் இரண்டு பெட்டியைப் பெரியப்பாவின் பாகல் பந்தலுக்குப் பக்கத்தில் தூக்கி வையுங்கள். வாடகை எல்லாம் கேட்க வேண்டாம். ஆனால் அந்த ஈக்கள் அவருக்கு எவ்வளவு காய் கொடுக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இத்தனை வருடமாக நாம் தேனை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறோம். அப்புறம் ஒன்று, பாகல் காலையில்தான் பூக்கும். மருந்து அடிப்பதாக இருந்தால் சாயங்காலம், ஈ எல்லாம் கூடு சேர்ந்த பிறகு அடிக்கும்படி அவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்