பேரவைத் தமிழர் தொகுப்பு: கை கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

கர்நாடகச் சட்டமன்றத்தில் உறுப்பினர்களாக இருந்த தமிழர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டன. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவரவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதல் வணக்கம், பேரவையில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. "மறைந்தவரைத் தேடுறதா இருந்தா சந்தாப சூசனெயிலிருந்து ஆரம்பிங்க" என்றார். அவையில் வாசிக்கப்படும் இரங்கல் குறிப்பைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். பிறந்த ஊர், படிப்பு, தொகுதி, எத்தனை முறை உறுப்பினர் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாத இடைவெளி விழக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. ஆகவே இறந்த தேதி தெரிந்தால் அடுத்து வரும் தொடரின் முதல் நாளைப் புரட்டினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். செய்தி செயலகத்துக்குத் தாமதமாகப் போயிருந்தால் அதற்கடுத்த தொடர். பேரவை கலைந்திருந்த காலம் என்றால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

பேச்சுகளை எப்படிப் படிப்பது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் எழும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும்தான் பதில். ஒரு உறுப்பினர் தன் தொகுதியின் குடிநீருக்கும் பட்டாவுக்கும் மல்லுக்கட்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் கிடக்கிறது. பேச்சை மட்டும் தேடுகிறவர்கள் அதைத் தவறவிட்டு, 'அவையில் வாயே திறக்காதவர்' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் முதல் படியிலும் அந்தப் பிழை இருந்தது. தாய்மொழியில் பேசும் உரிமை பற்றிய பக்கமும் ஐயா திருத்தியதுதான். மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ சரியாகப் பேச வராத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அனுமதிக்கலாம் என்று 210ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அனுமதிப்பது சபாநாயகர் கையில். 'உரிமை' என்று நாங்கள் போட்டிருந்த சொல்லை அடித்துவிட்டு 'அனுமதி' என்று எழுதிக்கொடுத்தார்.

அல்சூரில் கன்னடம் கற்பிக்கும் ஆசிரியை அம்மாவுக்கு அடுத்த நன்றி. பெயர் அடைவுகளில் நாங்கள் முட்டி மோதியது எழுத்து வரிசையில். தமிழில் 'க' ஒன்றுதான், கன்னடத்தில் நான்கு. கணேசன் மூன்றாவது 'க'வில் இருப்பார். பக்தவத்சலம் நான்காவது 'ப'வில். சண்முகம் 'ஷ'வுக்குப் போய்விடுவார். 'ழ' அங்கே வழக்கில் இல்லாததால் அழகன் 'அளகன்' ஆகியிருப்பார், சில சமயம் 'அலகன்'. அந்த அம்மா ஒரு தாளில் எங்களுக்காக எழுதிக்கொடுத்த மாற்றுப் பட்டியல் இல்லாவிட்டால், பலரை 'பதிவு இல்லை' என்று ஒதுக்கியிருப்போம்.

தொகுதிக் குழப்பத்தைத் தீர்த்தவர் தேர்தல் பணியில் பல முறை இருந்த ஓர் அரசு ஊழியர். மைசூர் மாநிலத்தில் (கர்நாடகத்தின் பழைய பெயர்) 1957இல் 208 இடங்கள், 1967இல் 216, 1978இலிருந்து 224. 2008 மறுவரையறையில் பாரதிநகரும் பின்னிப்பேட்டையும் மறைந்தன. புலிகேசிநகர், சர்வக்ஞநகர், சி.வி.ராமன் நகர் வந்தன. பழைய தொகுதி அப்படியே புதுப் பெயரில் வந்தது என்று எழுதினால் தப்பு, எல்லையே வேறு. பதவிக்கால ஆண்டுகளிலும் அவர் கை வைத்தார். 1983இல் வென்ற ஒருவருக்கு வீட்டார் அச்சடித்த நினைவு மலரில் '1983-88' என்று இருந்தது. அந்தப் பேரவை இடையிலேயே கலைக்கப்பட்டு 1985இல் மறுதேர்தல் நடந்துவிட்டதே! இடைத்தேர்தலில் வந்தவர்களைப் பொதுத்தேர்தல் அறிக்கையில் தேடக்கூடாது என்பதும் அவர் சொன்னது. டெபாசிட் விஷயம் சுருக்கமாக: பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் பணம் திரும்பும். இன்று அது 10,000 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. 1996க்கு முன் பொதுப்பிரிவுக்கு வெறும் 250. அதனால் அந்தக் காலத்தில் டெபாசிட் போனதைப் பெரிய நஷ்டமாக எழுத வேண்டியதில்லை, மானக்கேடு மட்டும்தான்.

கோலார் தங்கவயல் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியை அப்படியே திறந்து வைத்தார்கள். அதில் தேதியில்லாத சிபாரிசுக் கடிதம் ஒன்று. தலைப்பில் கர்நாடகம் என்று இருந்ததால், மாநிலப் பெயர் மாறிய 1973 நவம்பருக்குப் பிந்தியது. பெங்களூர் முகவரியில் ஆறிலக்க அஞ்சல் எண் இருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. அந்த முறை வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல். எண் இல்லாத கடிதத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய அஞ்சல் வட்டார எண்ணைப் போட்டு 'பெங்களூர்-8' என்றே எழுதிப் பழகியவர்கள் அதற்குப் பிறகும் அப்படித்தான் எழுதினார்கள். மடிப்பில் கிழிந்திருந்த அந்தத் தாளில் செலோடேப் ஒட்ட விடாமல் தடுத்த ஆவணக் காப்பக ஊழியருக்கும் நன்றி. பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடுமாம். விரித்து, நிழலில் வைத்து, மேலே கண்ணாடி போட்டுப் படமெடுக்கச் சொன்னார்.

மெய்ப்புப் பார்த்த கல்லூரி மாணவர்களுக்கும், இரவு கடையைத் திறந்து வைத்திருந்த ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் எங்கள் அன்பு.

பெட்டியிலிருந்து வாங்கிய படங்களையும் கடிதங்களையும் உறையில் பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறோம். நேரில்தான் கொடுப்போம், தபாலில் அனுப்ப மாட்டோம். படத்தின் பின்பக்கம் பேனாவால் எதுவும் எழுதவில்லை.

தொகுப்புக் குழுவினர்
அல்சூர், பெங்களூர்