இன்ஸ்டா ஐடி போட்டீங்க, சிற்பி பேரு எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஈசிஆர்ல ஒருநாள் சுத்திட்டு வர்றதுக்கு இடங்கள்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல முட்டுக்காடு போட்டிங்குக்கும் முதலைப் பண்ணைக்கும் நடுவுல ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் அஞ்சு வரி ஒதுக்கியிருந்தீங்க, சந்தோஷம். அந்த அஞ்சாவது வரிதான் சார் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. "ஓவியங்கள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, செல்ஃபிக்கு செம ஸ்பாட்." கூடவே ஒரு போட்டோ. தோட்டத்துல இருக்கிற கல் சிற்பத்து மேல ஒரு பொண்ணு சாய்ஞ்சுகிட்டு நிக்குது. கீழ அந்தப் பொண்ணோட இன்ஸ்டாகிராம் ஐடி இருக்கு, போட்டோ எடுத்தவர் பேரு இருக்கு, அது போட்டிருந்த டிரஸ் எந்தக் கடைன்னு கூட இருக்கு. அந்தக் கல்லை மாசக்கணக்கா கொத்துனவன் பேரு மட்டும் இல்ல. பாறை தானா அப்படி முளைச்சிருச்சுன்னு நினைச்சிட்டாங்க போல.

புரியலன்னு யார் சொன்னா? நான் அரசுப் பள்ளியில 31 வருஷம் டிராயிங் மாஸ்டரா இருந்தவன். அந்தச் சோழமண்டலத்துல மியூசியம், கேலரி எல்லாம் சேர்த்து சமகாலக் கலை மையம்னு 2009ல திறந்தாங்க, அடுத்த வருஷமே எட்டாம் கிளாஸ் பசங்க 34 பேரை வேன் வச்சு கூட்டிட்டுப் போனேன், வேன் வாடகைல பாதி என் கைக்காசு, அத இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது. அந்தக் கிராமத்தை உண்டாக்கின ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோட ஒரு படத்துக்கு முன்னாடி ஒரு பையன் ரொம்ப நேரம் நின்னான். கட்டம் கட்டமா, படிக்க முடியாத எழுத்து எழுத்தா இருக்குமே, அந்த மாதிரி படம். "சார், எங்க தாத்தா டிரங்குப் பெட்டில இருக்கிற ஜாதக நோட்டு மாதிரியே இருக்கு, ஆனா யாரோட ஜாதகம்னுதான் தெரியல"ன்னான். அந்தப் படங்களைப் பத்தி பெரிய பெரிய விமர்சகர்கள் எழுதினதெல்லாம் படிச்சிருக்கேன், இவ்வளவு சுருக்கமா யாரும் சொல்லல. சிற்பி நந்தகோபாலோட உலோகச் சிற்பத்தைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு, எங்க ஊர் சாமிக்குப் பின்னாடி வைக்கிற திருவாச்சி மாதிரி இருக்குதுன்னுச்சு. செங்கல்பட்டு பக்கத்துப் பிள்ளைங்க சார், அதுங்களுக்குப் புரியுது. உங்க நிருபருக்குத்தான் பரவாயில்லையாம்.

பணிக்கரை "கேரள ஓவியர்"னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கீங்க. அவரு பொறந்தது கோயம்புத்தூர்ல, 1911ல. சிற்பி ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957ல நம்ம மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா வந்தவர். 1966ல அவரும் அவர்கிட்ட படிச்ச பசங்களும் சேர்ந்து அந்த மணல்ல இடம் வாங்கினாங்களே, எப்படி வாங்கினாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல. படம் வாங்க ஆள் கிடையாது, அதனால மெழுகு ஊத்தி சாயம் முக்கி பாடிக் துணி போட்டு வித்தாங்க, கைவேலை செஞ்சு வித்தாங்க, அந்தக் காசுல இடம், அந்தக் காசுல வீடு. அங்கயே இருந்த ஓவியர் ராமானுஜம் 1973ல சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார், அவரோட பேனாக் கோட்டுப் படங்களைப் பார்த்தா ராத்திரி தூக்கம் வராது. இத்தனை பேரு வயித்தைக் கட்டி உண்டாக்கின இடம் சார், அது உங்களுக்கு ஸ்பாட்.

இந்த ஒரு தடவைன்னா விட்டிருப்பேன். உங்க பேப்பர்ல "இன்றைய நிகழ்ச்சிகள்"னு தினம் வருதே, அதுல சொற்பொழிவு இருக்கும், கச்சேரி இருக்கும், பட்டிமன்றம் இருக்கும், பிளாட் வாங்கலையோன்னு கண்காட்சி கூட இருக்கும், ஓவியக் கண்காட்சி மட்டும் இருக்காது. சோழமண்டலத்துலயே லேபர்னம், இண்டிகோன்னு ரெண்டு கேலரி இருக்கு, சின்னப் பசங்க காசு சேர்த்து ஷோ போடுறாங்க, நாலு பேரு வந்து பார்க்கமாட்டாங்களான்னு வாசல்லயே நிக்கிறாங்க. சினிமாக்காரர் யாராவது ரிப்பன் வெட்டினா மட்டும் உங்க ஆள் கேமராவோட வந்துடுறார். மறுநாள் பேப்பர்ல நடிகர் முழுசா இருப்பார், அவர் தோளுக்குப் பின்னாடி ஓவியம் கால்வாசி தெரியும்.

முன்னாடி இப்படி இல்லையே சார். ஓவியர் கீராம்பூர் ஆதிமூலம், எங்க துறையூர் பக்கத்துக்காரர், அவரு வாரப் பத்திரிகையில எழுத்தாளர் கி.ரா.வோட எழுத்துக்குக் கோட்டோவியம் போட்ட காலத்துல எங்கம்மா, மூணாங்கிளாஸ் தாண்டாதவங்க, எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்கு முன்னாடி படத்தைத்தான் உத்துப் பார்ப்பாங்க. அந்த மீசையும் முண்டாசும் யாரு எவருன்னு அவங்களே கதை சொல்லுவாங்க. இப்ப உங்க இணைப்புல கதைக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர்ல தட்டி எடுத்த படம், கையில ஆறு விரல் இருக்கு. எண்ணிப் பார்த்தேன்.

உங்களை மட்டும் சொல்லி என்ன பண்ண. ஸ்கூல்லயே டிராயிங் பீரியடுன்னா கணக்கு வாத்தியார் வந்து கடன் கேட்கிற பீரியடுதான். 2012ல பகுதிநேர ஆசிரியர்னு மாசம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூணு அரைநாளைக்கு ஆள் எடுத்தாங்களே, அதுல சேர்ந்த என் பழைய மாணவன் ஒருத்தன் மிச்ச நேரத்துல கல்யாண மண்டபத்துல தெர்மாகோல் வெட்டிகிட்டு இருந்தான். அப்புறம் படம் புரியலன்னா எப்படிப் புரியும்? மெரினா உழைப்பாளர் சிலை படத்தை வருஷா வருஷம் மே 1ஆம் தேதி தவறாம போடுறீங்க, ஒரு வருஷமாவது கீழ தேவி பிரசாத் ராய் சௌத்ரின்னு போட்டிருக்கீங்களா? நான் வெட்டி வச்சிருக்கேன், ஒன்பது வருஷத்துப் பேப்பர் இருக்கு. ஒண்ணுல கூட இல்ல.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. சிற்பமோ ஓவியமோ படம் போட்டா கீழ செஞ்சவர் பேரைப் போடுங்க, அங்க போய் ஒருத்தரைக் கேட்டா சொல்லப்போறாங்க. "இன்றைய நிகழ்ச்சிகள்"ல வாரத்துக்கு ஒருநாளாவது, சனிக்கிழமை போதும், எந்த கேலரியில யாரு ஷோ, எத்தனை மணி வரைக்கும்னு ரெண்டு வரி. இடம் இல்லைன்னு சொல்லாதீங்க, ராசிபலன் அரைப்பக்கம் வருது.

இந்த லெட்டரையும் போன தடவை மாதிரி மூணு வரியா வெட்டிடாதீங்க. அப்புறம் என் பேரு வேணாம், போன தடவை அதையும் தப்பாத்தான் போட்டீங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்,
தாம்பரம்