ஆயாவுக்குக் காய்ச்சல், அவமானம்!

தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடநூலும் ஆங்கிலம்–தமிழ், தமிழ்–ஆங்கிலம் சொற்பட்டியலும் எழுதித் தரும் பெரியவர்களுக்கு,

வணக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் நோட்டில் இப்படி ஒரு வரி: "ஆயாவுக்குக் காய்ச்சல். அவமானம்!" ஆயா என்றால் இங்கே பாட்டி. காய்ச்சல் வந்ததில் என்ன அவமானம் என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். அடுத்த நோட்டை எடுத்த பிறகுதான் உறைத்தது. அவள் மனதில் ஓடிய சொல் 'ஷேம்'. உங்கள் பட்டியலைப் புரட்டியிருக்கிறாள். அதில் 'ஷேம்: வெட்கம், அவமானம்' என்று இருக்கிறது. பிள்ளை மேல் தப்பே இல்லை.

இந்த ஊரில் ஷேம் என்றால் 'ஐயோ பாவம்'. பஸ்ஸை விட்டுவிட்டீர்களா, ஷேம். பல்வலியா, ஷேம். பச்சைக் குழந்தை தொட்டிலில் கொட்டாவி விட்டால்கூட, இழுத்து ஒரு 'ஷேஏம்'. அங்கே அதற்கு 'அடடா, செல்லம்' என்று பொருள். நம்மவர்கள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை, வெள்ளையர், சூலு மக்கள் என்று நாடு முழுக்க இதே பேச்சுதான்.

எனக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான். மதுரையிலிருந்து வந்த முதல் வாரம், கடை வாசலில் பை கிழிந்து வெங்காயம் உருண்டு ஓடியது. பின்னால் வந்த அம்மாள் "ஷேம்!" என்றார். எனக்குக் காது சுட்டது. வெங்காயம் சிந்தினால் மானம் போய்விடுமா என்று முறைத்துப் பார்த்தேன். அவரோ குனிந்து என் வெங்காயத்தைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பனில் வந்திறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். கரும்புத் தோட்டத்துக்குத் தமிழோடு வந்தார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான் பேச்சு. ஆனால் அது லண்டன் ஆங்கிலமும் இல்லை, நம் சென்னை ஆங்கிலமும் இல்லை. இந்த நாட்டு ஆங்கிலத்துக்கென்றே 1996இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகப் பெரிய அகராதி வந்துவிட்டது. இங்குள்ள இந்திய வம்சாவளியினர் பேசும் ஆங்கிலத்துக்கு மொழியியலாளர் ரஜேந்த் மேஸ்திரி 2010இல் தனி அகராதியே தந்திருக்கிறார். பட்டியல் போடும்போது இவற்றை மேசையில் வைத்துக்கொள்ளக் கூடாதா?

உங்கள் பட்டியலில் 'ரோபோட்' எந்திர மனிதன். இங்கே தெருமுனைச் சிக்னலுக்கும் அதுதான் பெயர். "ரோபோட்டில் இடது பக்கம் திரும்பு" என்று வழி சொல்வார்கள். 'ஜஸ்ட் நவ்' என்பதற்கு 'இப்போதுதான்' என்று போட்டிருக்கிறீர்கள். இங்கே அது 'அப்புறமா'. எவ்வளவு அப்புறம் என்று கேட்கக் கூடாது! குழாய் சரிசெய்கிறவர் 'ஜஸ்ட் நவ்' என்றால் நீங்கள் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போடலாம். 'நவ் நவ்' என்றால் மட்டும் கொஞ்சம் நம்பலாம். நம் ஊர் 'இதோ வந்துட்டேன்' மாதிரி.

இவற்றையெல்லாம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார்கள். ஷேம் அப்படியில்லை. துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வாயில் வருகிற சொல் அது. அதற்கு நேரான தமிழ் நம்மிடம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, இரண்டு சொற்களும் ஒரே மாதிரி வளைந்தவை. ஆங்கிலத்தில் மானக்கேட்டைக் குறித்த ஷேம் இரக்கமாயிற்று. தமிழில் தீவினையைக் குறித்த பாவம் இரக்கமாயிற்று. அடுத்த பதிப்பில் ஷேம் என்பதற்கு முதல் பொருளாக 'ஐயோ பாவம்' என்று போடுங்கள். வெட்கமும் அவமானமும் அதன் பின்னால் வரட்டும்.

அப்படியே 'பாவம்' என்ற சொல்லுக்கு நீங்கள் தந்திருக்கும் பொருளையும் ஒரு பார்வை பாருங்கள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, "ஆயாவுக்குக் காய்ச்சல். பாவம்!" என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். எழுதிவிட்டு, கெட்டிக்காரி, அந்தச் சொல்லையும் பட்டியலில் தேடிப் பார்த்திருக்கிறாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "டீச்சர், ஆயா என்ன தப்பு செய்தார்?"

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பு டீச்சர்