பொல்கொட வேகம் பிக்கரலுக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்குப் பிள்ளைகளிடம் போகிறவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. போன இரண்டாம் கிழமையே மருமகனோ பேரனோ ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். பொல்கொட ஏரியிலும் நீர்கொழும்புக் களப்பிலும் கொடுவா இழுத்த கை என்ற தைரியத்தில் இவர்களும் தூண்டில் எறிகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மீன் ஏறும், இவர்களுக்கு ஏறாது. பயணக் குறிப்புகள் எழுதும் பத்திரிகைகள் குளிராடை, காப்புறுதி, மருந்துச் சீட்டு எல்லாம் சொல்கின்றன, இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: மே மாதத்தில் அங்கே பிக்கரல் மீனுக்கு லூரை, அதாவது மீன் உருவச் செயற்கை இரையை, இழுக்கிற நேரத்தைவிட நிறுத்திவைக்கிற நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த மீனின் பெயர் வால்ஐ. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பலர் பிக்கரல் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பெயரைக் கேட்டு நம் வாளையின் உறவு என்று நினைக்க வேண்டாம். இது நன்னீரில் வாழும் பேர்ச் குடும்பத்து மீன். நமக்குத் தெரிந்த மீனோடு ஒப்பிடுவதானால் ஒரு விடயத்தில் கொடுவாவைச் சொல்லலாம். இரவில் ரோச் அடித்தால் இரண்டின் கண்ணும் பளிச்சென்று ஒளிரும். கண்ணின் பின்புறத்தில் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்திலும் கலங்கல் நீரிலும் இரை நன்றாகத் தெரியும். ஆகவே இரண்டும் அந்திக்கும் இரவுக்கும் உரியவை. ஒற்றுமை அத்தோடு சரி.

வேற்றுமை நீரின் குளிரில் இருக்கிறது. பொல்கொட நீர் 28, 29 பாகைக்குக் குறைவது அபூர்வம். ஒன்ராறியோவில் பனிக்கட்டி உருகியதும், நீர் ஏறத்தாழ 6 முதல் 10 பாகையில் இருக்கும்போது, பிக்கரல் ஆற்றுப் பரல்களிலும் ஏரியின் கல் திட்டுகளிலும் இரவில் முட்டையிடும். மீன்பிடிப் பருவம் திறக்கும்போது அந்த வேலை முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருக்கும். பெண் மீன்கள் களைத்து ஆழத்துக்கு நகரும். ஆண் மீன்கள் ஆற்று முகத்தையும் கல் திட்டையும் விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றும். குளிர் நீரில் மீனின் உடல் மெதுவாகத்தான் இயங்கும், அது தின்னும் சிறு மீனும் அப்படியே. அங்கே தலைதெறிக்க ஓடும் லூரைத் துரத்த பிக்கரலுக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை.

லூர் வாங்கும் இடத்திலேயே ஒரு குழப்பம் வரும். கொழும்புக் கடைகளில் ஸ்ரிக்பெய்ற் என்று கேட்டால் பெரும் பாரைக்கு எறியும், நாக்கு இல்லாத கனத்த கட்டையை நீட்டுவார்கள். கனடாவில் பிக்கரல்காரர் அதே பெயரால் சொல்வது வேறு: தாடைக்குக் கீழே சின்ன நாக்கு வைத்த, விரல் போல ஒடுங்கி நீண்ட மீன் உருவம். மினோ அல்லது ஜேர்க்பெய்ற் என்று கேட்டால் தவறு நேராது. இங்கே எந்தப் பிளாஸ்ரிக் மீனையும் 'ரப்பாலா' என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பெயருக்குரிய பின்லாந்துக்காரர் லௌரி ரப்பாலா 1936இல் செதுக்கியது இந்த உருவத்தைத்தான்.

இதில் மிதப்பது, நடுநீரில் நிற்பது, தாழ்வது என்று மூன்று வகை உண்டு. மே மாதப் பகலுக்கு நடுநீரில் நிற்பது, 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு போதும். இரவுக்கு மிதப்பது, 11 அல்லது 13 சென்ரிமீற்றர், ஒன்று. தெளிந்த நீருக்கு வெள்ளி வயிறும் கறுப்பு அல்லது நீல முதுகும். கலங்கல் நீருக்கு ஃபயர் டைகர் எனப்படும் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் வரிகள். பேர்ச் குஞ்சின் நிறம் எங்கும் செல்லும். பத்து நிறம் வாங்கிப் பெட்டியை நிரப்புவது கடைக்காரருக்கு நல்லது.

'நடுநீரில் நிற்கும்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி எறியக் கூடாது. கரையோரம் முழங்கால் ஆழ நீரில், எந்த நூலும் ஸ்னாப்பும் (லூரை மாட்டும் கொளுக்கி) கட்டி எறியப்போகிறீர்களோ அவற்றோடேயே லூரை ஓர் அடி ஆழத்துக்கு இழுத்து நிறுத்திப் பாருங்கள். பத்து செக்கனில் அங்கேயே நின்றாலோ, மயிரளவு மேலே எழும்பினாலோ சரி. மூக்குச் சற்றுத் தாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது. விறுவிறு என்று மேலே வந்தால் முன் கொக்கியின் காம்பில் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி பாருங்கள். தாழ்ந்தால் ஸ்னாப் பெரிது அல்லது கொக்கி கனம். நீரின் வெப்பமும் இதில் விளையாடும். 4 பாகை நன்னீருக்கும் 30 பாகை நன்னீருக்கும் அடர்த்தியில் ஆயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசம். 13 கிராம் லூருக்கு அது 0.05 கிராம்தான், ஆனாலும் நிற்பதை எழவோ தாழவோ வைக்க அந்த அளவே போதும். வீட்டுக் குளியலறை வாளியில் வெதுவெதுப்பான நீரில் சோதித்தது ஏரியில் பொய்த்துப்போவது இதனால்தான்.

உபகரணத்தில் அதிகம் சொல்ல இல்லை. ஏழடி மெல்லிய றொட், 2500 அளவு றீல், 10 இறாத்தல் பின்னல் நூல், முனையில் ஒரு மீற்றர் ஃப்ளூரோகார்பன் தங்கூசி 8 அல்லது 10 இறாத்தலில். லூரைச் சிறிய வட்ட ஸ்னாப்பில் மாட்டுங்கள். சுவிவல் என்ற சுழல் இணைப்பு வேண்டாம், மூக்கில் பாரம் தொங்கினால் ஆட்டம் செத்துவிடும். பைக் மீன் கடித்து அறுக்கும் இடமானால் தங்கூசியை 20 இறாத்தலுக்கு ஏற்றலாம். கம்பி கட்டினால் லூர் மூக்குக் குத்திக்கொண்டு தாழும், நிறுத்துகிற வித்தை அங்கே எடுபடாது.

இனி எறிதல். எறிந்ததும் ஐந்தாறு சுற்று வேகமாகச் சுற்றி லூரை அதன் ஆழத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீற்றர். பிறகு றொட்டின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒரு சாண் வெட்டி இழுங்கள். வெட்டியதும் நுனியை லூர்ப் பக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நூல் தளர்ந்தால்தான் லூர் ஒரு பக்கம் திரும்பி, அசையாமல் நிற்கும். இறுக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தால் அது நம்மை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவருக்கு நிற்பதுபோலத் தெரியும். அதுதான் பொல்கொடக் கையின் முதல் பிழை. நீர் 7 பாகையை ஒட்டியிருந்தால் வாய்விட்டுப் பத்து எண்ணுங்கள். 10 பாகையானால் ஐந்து. 13 பாகையைத் தாண்டினால் இரண்டு மூன்று போதும். பிறகு இன்னொரு வெட்டு. சில வேளை இரண்டு வெட்டு. ஒரே தாளத்தில் செய்வதைவிட மாற்றி மாற்றிச் செய்வது நல்லது. சின்னப் பொருள்தான், ஆனால் ஒரு வெப்பமானி இல்லாமல் இந்த எண்ணிக்கை எல்லாம் ஊகம்.

கடி பெரும்பாலும் லூர் நிற்கும்போதுதான் விழும். கொடுவா அடிப்பதுபோல 'டொப்' என்று அடிக்காது. தளர்ந்து கிடந்த நூல் கொஞ்சம் நகரும், அல்லது அடுத்த வெட்டில் சல்வீனியாக் களை சிக்கியதுபோல ஒரு பாரம் தெரியும். அந்த நேரத்தில் தலைக்கு மேல் சுண்டி இழுத்தால் மும்முள் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, றொட்டைப் பக்கவாட்டில் ஒரே சீராக இழுங்கள். குளிர் நீரில் மீன் பாதி வாயால்தான் பிடிக்கும். பின் கொக்கி ஒன்று மட்டும் மாட்டியிருப்பது வழக்கம் என்பதால் றீலின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

இருட்டியதும் முறை மாறும். அப்போது வெட்டும் நிறுத்தமும் தேவையில்லை. மிதக்கும் லூரை எறிந்து, அதன் நெளிவு றொட் நுனியில் சன்னமாகத் தட்டுகிற அளவு வேகத்தில், அதற்கு மேல் ஒரு சுற்றுக் கூட வேண்டாம், மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கரையோரம் இடுப்பளவு நீரிலேயே மீன் நிற்கும், ஆகையால் கடைசி ஐந்து மீற்றரை அவசரப்பட்டுச் சுற்றி எடுக்காதீர்கள்.

இங்கிருந்து போகிறவர்கள் நேரத்தில் ஏமாறுவார்கள். கொழும்பில் ஆறரைக்கு இருட்டிவிடும். மே நடுப்பகுதியில் ரொறன்ரோவில் சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டும். ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குக் கட்டிக்கொண்டு திரும்புகிறவர் மீன் வரும் நேரத்துக்கு முன்னரே வீட்டில் இருப்பார். எட்டேகாலிலிருந்து பத்தரை வரைதான் அங்கே அந்தி.

பேரேரிகளில் கணக்கில் எடுக்கத்தக்க வற்றுப் பெருக்கும் இல்லை. களப்பு வாயில் வற்று எப்போது, பெருக்கு எப்போது என்று பார்க்கிற நாம் அங்கே காற்றைப் பார்க்க வேண்டும். காற்று இரண்டு நாளாக ஒரே கரையை மோதினால் மேல்மட்டத்து வெதுநீரும் சிறு மீனும் அங்கே ஒதுங்கும், நீரும் கலங்கும். முகத்தில் காற்று அடிக்கும் கரை எறிவதற்குச் சிரமம், ஆனால் மீன் அங்கேதான். காற்றில்லாத நாளில் தெற்குப் பார்த்த வடக்குக் கரைகள் முதலில் சூடேறும். ஆறு ஏரியில் விழும் வாய், பாலத்துக்கு அடியில் ஒடுங்கும் நீரோட்டம், கல் அணை இவையே தேடும் இடங்கள்.

எதிர்க்காற்றில் இலேசான பல்சா மர லூர் சுழன்று கொக்கி நூலில் மாட்டிக்கொள்ளும். நீரில் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் விரலால் நூலைத் தடவி நிறுத்தினால் அது நேராக விழும். பின்னல் நூலில் முடிச்சு விழுவதும் இதே காரணத்தால் வரும். தளர்ந்த நூல் றீலில் வளையமாக ஏறி, அடுத்த எறிதலில் கட்டாக வெளியே வரும். எறிந்ததும் றீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடி ஒருமுறை நூலை இறுக்கிக்கொள்வது பழகிவிட்டால் முடிச்சுகள் பெரும்பாலும் விழாது. லூர் நேராக வராமல் வலப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தைக் குறட்டால் இடப்பக்கம், நூலளவு மட்டும், வளையுங்கள். பலமாக முறுக்கினால் வளையம் உள்ளே இளகி லூர் பாழ்.

மீன் கைக்கு வந்த பிறகும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். கொடுவாவைக் கீழுதட்டில் பெருவிரல் வைத்துத் தூக்குவோம், அதன் பல் அரம் போல நுண்ணியது. பிக்கரலுக்கு நாய்ப் பல் உண்டு, விரலை வைத்தால் இரத்தம்தான். செவுள் மூடியின் விளிம்பும் முதுகு முள்ளும் கிழிக்கும். வலையில் வைத்துக்கொண்டே நீண்ட மூக்குக் குறட்டால் கொக்கியை எடுங்கள். முன்கூட்டியே கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் அரை நிமிட வேலை.

அனுமதிப்பத்திரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நம்மவரிடையே இருக்கிறது. ஒன்ராறியோவில் 65 வயது கடந்தவர்கள் அதை வாங்கத் தேவையில்லை என்பது கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. விசிற் விசாவில் போகும் அம்மா அப்பா வெளிநாட்டவருக்குரிய பத்திரம் எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கும் எட்டு நாளுக்கும் கிடைக்கும். பருவம் மீன்பிடி மண்டலத்துக்கு மண்டலம் வேறு. கவார்த்தா ஏரிகள் உள்ள 17ஆம் மண்டலத்தில் மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை திறக்கும், 35 முதல் 50 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவற்றை மட்டுமே எடுக்கலாம், முழுப் பத்திரத்துக்கு நான்கு, குறைந்த கட்டணப் பத்திரத்துக்கு ஒன்று. போகும் ஆண்டின் விதிகளை மாகாண அரசின் தொகுப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டையிடும் சில ஆற்றுப் பகுதிகள் பருவம் திறந்த பிறகும் மூடியே இருக்கும். கரையிலேயே துண்டு துண்டாக வெட்டிக் கறிக்குத் தயாராக்கும் பழக்கமும் அங்கே ஆகாது. அதிகாரி கேட்டால் என்ன மீன், எத்தனை, என்ன நீளம் என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டுக்கு முழுதாகக் கொண்டுபோங்கள். வெண்சதை, வெடில் குறைவு, பொரியலுக்கும் சொதிக்கும் அருமை. எந்த ஏரி மீனை மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று பாதரச அளவை வைத்து அரசே வழிகாட்டி வெளியிடுகிறது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்குமுன் அதைப் பாருங்கள்.

நீரில் இறங்குவது பற்றி: 8 பாகை நீரில் தவறி விழுந்தால் மூச்சு அடைக்கும், நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் சில நிமிடங்களில் சொல்வழி கேட்காது. காலிமுகத்திடலில் நீந்திய அனுபவம் அங்கே உதவாது. படகிலும் பாறையிலும் மிதவை அங்கி கட்டாயம்.

திரும்பும்போது அந்த லூர்களைப் பொல்கொடவுக்குக் கொண்டுவருகிறவர்கள் கொக்கிகளை மாற்றிவிட்டே நீரில் போட வேண்டும். நன்னீர்க் கொக்கி உவரில் சில நாளில் துருப்பிடிக்கும், நடுத்தரப் பாரை ஒன்றே அதை நிமிர்த்திவிடும். உவர்நீர்க்கான கனத்த மும்முள்ளும் தடித்த வளையமும் போடுங்கள். உப்பு நீரில் லூர் கூடுதலாக மிதக்கும் என்பதால் அந்த மேலதிகப் பாரம் பெரும்பாலும் சரியாகவே ஈடுகட்டும். கரையோரத்தில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்ஙனம்,
தூண்டிற்காரர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.