ஜார்ஜ் டவுன் தெருமுனைகளில் செய்திப் பலகை வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பாரிமுனை, தங்கசாலை, ஏழுகிணறு, கொத்தவால் சாவடி, யானைக்கவுனி பகுதிகளில் குடியிருப்போர், கடை வைத்திருப்போர், வேலை செய்வோர்,
ஜார்ஜ் டவுன், சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600 003.

பொருள்: ஜார்ஜ் டவுனில் ஐந்து இடங்களில், அன்றாட அறிவிப்புகளும் அந்தந்தத் தெருவின் வரலாறும் கொண்ட நிரந்தரப் பலகைகள் வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவை எல்லோருடைய சார்பிலும் எழுதுகிற நான், தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கடைத் திறப்பு அழைப்பிதழ் என்று இந்த ஊரின் செய்தி எல்லாம் ஒரு காலத்தில் எங்கள் மேசையைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகும். இன்றைக்கு எங்கள் தெருவில் நடப்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த மனு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் ஒரு காலையில், எங்கள் தெருவின் குறுக்கே பள்ளம் தோண்டியிருந்தார்கள். முதல் நாள் இரவு வரை யாருக்கும் தெரியாது. ஆண்டர்சன் தெருவிலிருந்து அட்டையும் காகிதமும் ஏற்றி வந்த மீன்பாடி வண்டிகள் முனையிலேயே நின்றுவிட்டன. வண்டிக்காரர்களுக்கு அன்றைய கூலி போயிற்று. அதே பள்ளத்தால் தண்ணீர் லாரியும் உள்ளே வரவில்லை, இரண்டு தெரு தள்ளி நின்றது. எங்கள் வீட்டு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு லாரி அங்கே நிற்கிறது என்று மத்தியானம்தான் தெரிந்தது. அதற்குள் லாரி போய்விட்டது. வேலை நடந்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை. மழைநீர் வடிகாலோ குழாயோ, தோண்டாமல் எப்படிச் சரி செய்வது? முந்தின நாளே தெருமுனையில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் போதும் என்றுதான் சொல்கிறோம்.

இணையதளத்தில் போடுகிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு லோடு இறக்க வருகிறவர், பார்சல் ஆபீஸ் வாசலில் படுத்திருப்பவர், கண் மங்கிப்போன பெரியவர்கள், கோடவுன் தெருவிலும் நைனியப்பன் தெருவிலும் கூலி வேலைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆகியோருக்கெல்லாம் அது எட்டுவதில்லை. இங்கே பகலில் புழங்குகிறவர்களில் நிறையப் பேர் இந்த வார்டின் வாக்காளரே இல்லை. அவர்களை எந்தக் குழுவில் சேர்ப்பது? தெருவில் நடக்கிற எல்லோர் கண்ணிலும் படக்கூடிய ஒரே இடம் தெருமுனைதான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4-இன்படி அரசு அமைப்புகள் யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிட வேண்டும். எந்த வழியில் என்று அந்தப் பிரிவின் விளக்கம் வரிசையாகச் சொல்லும்போது, முதலில் வருவது அறிவிப்புப் பலகை. செய்தித்தாளும் இணையமும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைந்திருக்கின்றன. எங்கள் பகுதி சபை எந்த நாளில், எந்த இடத்தில் கூடுகிறது என்பது முன்கூட்டியே இந்தப் பலகையில் இருந்தால், வர நினைக்கிறவர்கள் கண்டிப்பாக வருவார்கள்.

இனி, பலகையின் இன்னொரு பாதியைப் பற்றி. இதுதான் எங்கள் மனதுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

ஒருநாள் என் பேத்தி கேட்டாள்: "வால்டாக்ஸ்னா யாரு தாத்தா?" வால்டாக்ஸ் சாலை என்று தினமும் பஸ்ஸில் கேட்கிற பெயர், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்று நினைத்திருக்கிறாள். பெரியவர்களிடம் கேட்டாலும் பாதிப் பேருக்கு இதே நினைப்புதான். அது ஆள் இல்லை, வரி. 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்துவிட்டது. அந்தப் பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த ஊரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். செலவை ஊர் மக்களிடம் மதில் வரியாக வாங்குவது என்று முடிவு செய்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், வரி கடைசிவரை வசூலாகவில்லை. ஆனால் வசூலாகாத வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நின்றுவிட்டது. அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு வடக்கே இப்ராகிம் சாகிப் தெருவில் இருக்கிறது. அதன் மேல்தான் மாநகராட்சி பூங்கா அமைத்தது, மாடிப் பூங்கா என்று பெயர். இதை நாலு வரியில் யானைக்கவுனி முனையில் எழுதி வைத்தால், அந்தப் பக்கம் போகிற எந்தக் குழந்தையும் படித்துவிட்டுப் போகும்.

பாரிமுனைக்கு வாருங்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் ஒரு கல்தூண் நிற்கிறது, 1773 ஜனவரி 1 என்று தேதி போட்டு. பழக்கடைக்கும் பஸ் கூட்டத்துக்கும் நடுவில் அதைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில்தான் முதலில் நம் ஊர் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள், 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்திலும் அதற்கப்புறமும், கோட்டைச் சுவரை ஒட்டி எதிரி ஒளிந்துகொள்ளக் கூடாது என்று பழைய ஊரையே இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். இதற்குமேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை காட்ட ஆறு தூண்கள் நட்டார்கள். ஐந்து போய்விட்டன, இது ஒன்றுதான் மிச்சம். வீடிழந்த சனங்கள் வடக்கே நகர்ந்து வந்து கட்டிக்கொண்டதுதான் இப்போதைய எங்கள் ஊர். அவர்கள் கோயிலையும் விட்டுவிட்டு வரவில்லை. பழைய இடத்தில் இடிபட்ட சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பதிலாகப் பூக்கடைக்குப் பக்கத்தில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் இரட்டைக் கோயிலாகக் கட்டினார்கள். பட்டணம் கோயில் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது இடம் மாறி வந்த கோயில் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்கு அந்தக் கோயிலுக்குள் நுழைந்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஏழுகிணறும் அப்படித்தான். 1772-இல் பேக்கர் என்பவர் வகுத்த திட்டப்படி இங்கே கிணறு வெட்டி, ஏற்றத்தால் இறைத்து, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். முதலில் வெட்டியது பத்துக் கிணறு, பெயரில் நின்றது ஏழு. அந்தத் தண்ணீர் தொடக்கத்தில் கோட்டைக்கு மட்டும்தான், சுற்றி இருந்த சனங்களுக்கு இல்லை. லாரிக்குக் காத்திருக்கிற எங்களுக்கு இந்தச் செய்தி வெறும் பழங்கதையாகத் தோன்றுவதில்லை. அதே ஏழுகிணற்றில் வீராசாமித் தெரு வீட்டில்தான் வள்ளலார் தன் இளம் வயதுக் காலத்தைக் கழித்தார். பக்கத்திலேயே கந்தகோட்டம், அந்த முருகனைத்தான் அவர் பாடினார். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கு உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொல்லாத ஆளை "அவன் எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல் பிறந்த இடம் நம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் என்று சொல்ல ஒரு பலகை இல்லை.

தங்கசாலையில் கம்பெனியின் நாணயச் சாலை இருந்த வளாகத்துக்கு அப்புறம் அரசு அச்சகம் வந்தது, பவளக்காரத் தெருவில் பவளம் விற்றார்கள், கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. இதெல்லாம் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு வரி.

வரலாறு எழுதும்போது ஒரு கவனம் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். தம்பு செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677-இல் சிவாஜி வந்து கும்பிட்டார் என்று கோயிலில் சொல்வார்கள். எங்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனாலும் அதைக் கோயில் வழக்கு என்றே எழுத வேண்டும், ஆவணத்தில் இருப்பதை ஆவணம் என்று எழுத வேண்டும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தாரிடமும் தொல்லியல் துறையினரிடமும் காட்டிச் சரிபார்த்த பிறகே பலகையில் ஏற்ற வேண்டும். தப்பாக அச்சேறிய ஒரு வரியைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது என் தொழிலில் நான் அன்றாடம் பார்த்தது.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. பாரிமுனை, தங்கசாலை மணிக்கூண்டு, ஏழுகிணறு, கொத்தவால் சாவடி, யானைக்கவுனி ஆகிய ஐந்து இடங்களில், மழைத் தடுப்பும் பூட்டும் உள்ள கண்ணாடிப் பலகை. நடைபாதையை அடைக்காமல் சுவரை ஒட்டி வைத்தால் போதும். ஒரு பாதியில் அன்றாடச் செய்தி: எந்தத் தெருவில் எப்போது தோண்டுகிறார்கள், எப்போது மூடுவார்கள், தண்ணீர் எப்போது வராது, லாரி எங்கே நிற்கும், மருத்துவ முகாம், பகுதி சபை. எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். வழி மாற்றம் என்றால் தெருவைக் கோட்டுப் படமாக வரைந்து ஒட்ட வேண்டும், தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளியும் பார்த்துப் புரிந்துகொள்வார். வேலை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு தாள் ஒட்ட வேண்டும், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பழைய தாள் தொங்குகிற பலகையை யாரும் நம்பமாட்டார்கள். இதற்கு வார்டு அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் பதவியைப் பலகையின் அடியிலேயே எழுதிவிட்டால் நல்லது. மறு பாதி தெருவின் வரலாறு. அதை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, ஒருமுறை நன்றாக எழுதி உலோகத் தகட்டில் பொறித்துவிடலாம்.

எங்கள் பங்குக்கும் செய்கிறோம். பழைய போட்டோ, வீட்டுப் பத்திரம், கடை உரிமம், திருவிழா நோட்டீஸ் என்று வீடுகளில் இருப்பதைப் பிரதி எடுத்துத் தருகிறோம். வரலாற்று வரிகளின் முதல் நகலை நாங்களே எழுதித் தருகிறோம், மெய்ப்பும் பார்த்துத் தருகிறோம். கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்கும் பொறுப்பைப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், ஏழுகிணற்றில் ஒன்றை மட்டும் ஆறு மாதத்துக்குச் சோதனையாக வைத்துப் பாருங்கள். முதலில் அங்கே ஏன் என்றால், தண்ணீர் லாரிக்கு அதிகம் பேர் காத்திருப்பது அங்கேதான்.

1688-இல் இந்த மாநகராட்சி தொடங்கியபோதே கோட்டையும் அதை ஒட்டிய எங்கள் பழைய தெருக்களும் அதில் இருந்தன. அந்த உரிமையில் கேட்கிறோம். நேரில் வந்து இடங்களைப் பார்க்கத் தாங்கள் ஒரு நாள் ஒதுக்கினால், காலை ஏழு மணிக்குப் பாரிமுனைத் தூண் அருகில் காத்திருந்து ஐந்து இடங்களையும் நடந்தே காட்டுகிறோம். ஒன்பது மணிக்கு மேல் லோடு வண்டிகள் வந்துவிடும், நடக்க இடம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜார்ஜ் டவுன் பகுதி மக்கள்

இடம்: சென்னை

இணைப்பு: பகுதி மக்களின் கையொப்பத் தாள்கள், ஐந்து இடங்களையும் குறித்த கையால் வரைந்த தெருப் படம், ஏழுகிணறு பலகைக்கான மாதிரி வாசகம்.