பழைய விளம்பரப் படங்களோடு இனி ஒரு சீட்டும் வரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு குடும்பம் கடைக்கு வந்திருந்தது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். புது வீட்டு முகப்பில் மாட்டப் பழைய விளம்பரப் படம் ஒன்று தேடினார்கள். சட்டம் போட்டு வைத்திருந்த பேர்ஸ் சோப்பு விளம்பர நகலை எடுத்துக் காட்டினோம். 1880-களில் இங்கிலாந்தில் வந்த படம் அது. மேல்பாதியில் ஒரு கறுப்பினக் குழந்தை குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது, வெள்ளைக்காரப் பையன் சோப்பை நீட்டுகிறான். கீழ்ப்பாதியில் குளியல் முடிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே குழந்தையின் உடம்பு வெளுத்திருக்கிறது, முகம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பையன் கண்ணாடி பிடித்துக் காட்டுகிறான்.

வந்த சிறுவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். அப்புறம், "நான் தினமும் சோப்பு போடறேனே, ஏம்மா வெள்ளையாகல?" என்று கேட்டான். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பையன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலமே படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எங்களைப் போன்ற கடைகள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். எனாமல் போர்டு, பிஸ்கட் டப்பா, மருந்து சீசா என்று எல்லாம் சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளிலிருந்து வருபவை. பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களும் அவற்றில் உண்டு. வாங்க வருபவரிடம் "விக்டோரியா காலத்துச் சரக்கு" என்று சொல்வோம், விலை சொல்வோம். அதில் என்ன எழுதியிருக்கிறது, யாரைப் பார்த்து எழுதியது, அது உண்மையா என்று சொன்னதில்லை. இனி விளம்பரம் உள்ள ஒவ்வொரு பொருளோடும் அந்த விவரத்தைத் தமிழில் எழுதிய ஒரு சீட்டைச் சேர்த்துத் தருவோம்.

முதலில் ஒரு திருத்தம். விக்டோரியா ராணியின் ஆட்சி 1837 முதல் 1901 வரை. நம் பக்கம் கிடைக்கும் எனாமல் போர்டுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை, தமிழ் எழுத்து உள்ளவை இன்னும் பிந்தியவை. விக்டோரியா காலத்து விளம்பரம் அதிகமும் காகிதத்தில் இருந்தது: பத்திரிகைப் பக்கம், வண்ண அட்டை, மருந்துப் பொட்டலத்தோடு வரும் துண்டுத் தாள். இனி போர்டுகளை "விக்டோரியா காலம்" என்று சொல்லி விற்க மாட்டோம்.

மருந்து விளம்பரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'பேட்டன்ட் மருந்து' என்று பெயர் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டன்ட் கிடையாது. காப்புரிமை கேட்டால் மருந்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்தால் வியாபாரமே போய்விடும். அதனால் சேர்மானத்தை மறைத்துவிட்டுப் பெயரையும் லேபிளையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் இந்த மருந்துகளுக்கு அரசு வரி உண்டு. பொட்டலத்தின் மேல் வரி முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். அரசாங்கமே நல்ல மருந்தென்று சொல்லிவிட்டதாக ஜனங்கள் நம்பினார்கள். கடைசியில், இது அரசாங்க உத்தரவாதம் இல்லை என்று அந்தச் சீட்டிலேயே அச்சடிக்க வேண்டி வந்தது.

பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு டப்பா ஒரு கினி பெறும்" என்பது அதன் விளம்பர வாசகம். கினி என்றால் 21 ஷில்லிங். விற்றதோ வரி உட்பட 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு. ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். தலைவலி, தலைசுற்றல், பித்தம், தூக்கமின்மை என்று அது தீர்ப்பதாகச் சொன்ன வியாதிகளின் பட்டியல் நீளமானது. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளைப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்து ஒரு புத்தகமே போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், சுக்கு, சோப்பு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் முதல் இரண்டையும் பொட்டலம் கட்டித் தந்துவிடுவார்கள். அது ஒரு பேதி மருந்து, அவ்வளவுதான். ஒரு டப்பாவில் 56 மாத்திரை, அத்தனைக்கும் சேர்த்துச் சரக்கின் அடக்கம் அரை ஃபார்திங் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். ஃபார்திங் என்பது கால் பென்னி, 12 பென்னி ஒரு ஷில்லிங். கணக்குப் பார்த்தால் விற்ற விலை அடக்கத்தைப் போல் 108 மடங்கு.

மீதிப் பணத்தில் பெருந்தொகை விளம்பரத்துக்குப் போனது. தாமஸ் ஹாலோவே என்பவர் 1837-இல் ஒரு களிம்போடு வியாபாரத்தைத் தொடங்கி, பிறகு மாத்திரையும் விற்றார். விளம்பரக் கடனைக் கட்ட முடியாமல் சிறைக்கும் போய்வந்தவர். 1842-இல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு செலவழித்தார். 1883-இல் அவர் இறக்கும்போது அந்தச் செலவு வருஷத்துக்கு 50,000 பவுண்டை எட்டியிருந்தது. பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்ப் பத்திரிகைகளில் எல்லாம் அவர் விளம்பரம் வந்தது. மருந்து சாப்பிடும் முறையை இந்திய மொழிகள் பலவற்றில் அச்சடித்து அனுப்பினார். அதே பணத்தில் பெண்களுக்காக ஒரு கல்லூரியும் கட்டினார். 1886-இல் விக்டோரியா ராணியே வந்து திறந்துவைத்த அந்தக் கல்லூரி லண்டனுக்குப் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. அவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. சீட்டில் இரண்டையுமே எழுதுகிறோம்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது குளோரோடைன் சீசாதான். இந்தியாவில் வேலை பார்த்த ராணுவ டாக்டர் ஜான் காலிஸ் பிரவுன் காலராவுக்கென்று சேர்த்த மருந்து அது. உள்ளே இருந்தவை அபினிச் சத்து, குளோரோஃபார்ம், கஞ்சா. அபினி குடலைக் கட்டும், வலியை மரக்கச் செய்யும். எனவே குடித்தவருக்குக் கேட்டது போலவே இருக்கும். ஆனால் காலரா கிருமியை அது ஒன்றும் செய்யாது. உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் காலராவுக்கு முக்கியமான சிகிச்சை. இந்த மருந்துக்கு அடிமையானவர்கள் உண்டு, அளவு மீறிக் குடித்து இறந்தவர்களும் உண்டு. விளம்பரமோ, உண்மையான குளோரோடைன் யாருடையது என்று 1864-இல் நடந்த வழக்கின் தீர்ப்பைத்தான் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டது. கோர்ட் பேசியது பெயர் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி. நோயாளி அதை மருந்துக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டார்.

இந்த விளம்பரங்கள் முதலில் குறிவைத்தது இங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்களைத்தான். வெயில் ஈரலைக் கெடுக்கும், காய்ச்சல் வரும், கைவசம் எங்கள் சீசா இருக்கட்டும் என்று பயமுறுத்துவார்கள். ஈனோ ஃப்ரூட் சால்ட் விளம்பரத்தில், எகிப்தில் காய்ச்சலில் கிடந்த ஒரு சிப்பாய் ஈனோ குடித்துத் தேறியதாக எழுதிய கடிதத்தை 1883 தேதியோடு போட்டிருப்பார்கள். அதில் இருப்பது சோடா உப்பும் புளிப்பு அமிலங்களும். வயிற்று எரிச்சலுக்குக் கேட்கும், காய்ச்சலுக்கு என்ன செய்யும்?

பிறகு நம்மவர்களும் வாடிக்கையாளர் ஆனோம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து கப்பல் பயணம் குறுகியது. 1877-இல் வி.பி.பி. வந்தது. பொருள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும் என்றானதும், பட்டணத்துக் கடை கிராமத்துக்கே வந்துவிட்டது. 1888-இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கின. 1895-இல் லைஃப்பாய் வந்தது. சன்லைட் நல்ல சோப்பு, துணி துவைக்கும் பெண்களின் கைக்கு ஓய்வு கொடுத்தது. அதையும் சீட்டில் எழுதுகிறோம்.

எங்களுக்கு வலிப்பது வேறு. 1899-இல் பேர்ஸ் விளம்பரம் ஒன்று, வெள்ளைக்காரன் சுமக்க வேண்டிய பொறுப்பின் முதல் படியே பூமியின் இருண்ட மூலைகளுக்குச் சுத்தம் கற்றுக்கொடுப்பதுதான், அதற்கு எங்கள் சோப்பு என்று சொன்னது. விடியுமுன் ஊருணியில் முழுகி எழுந்த ஜனங்கள் நாம். தலைக்குச் சீயக்காயும் அரப்பும், உடம்புக்குப் பாசிப்பயற்று மாவும் தேய்த்துக் குளித்தவர்கள். நம் தோலின் நிறத்தையே அழுக்கு என்று காட்டி ஒரு சாமானை விற்றிருக்கிறார்கள். அதைச் சட்டம் போட்டு அழகுப் பொருளாக நாங்களும் விற்றோம். கறுப்பு அழுக்கு இல்லை, எந்தச் சோப்பும் அதைக் கழுவாது, கழுவ வேண்டியதும் இல்லை. அந்தப் பையன் மறுபடி வந்தால் இதைத்தான் சொல்வோம்.

சரி, நடைமுறை விஷயத்துக்கு வருகிறோம். நிறத்தை இழிவுபடுத்தும் விளம்பரப் படங்களை இனி அலங்காரத்துக்கென்று விற்க மாட்டோம். ஆசிரியர்களோ ஆராய்ச்சி மாணவர்களோ கேட்டால், முழு விளக்கத்தோடு அடக்க விலைக்கே தருவோம். முன்பு எங்களிடம் வாங்கியவர்கள் திருப்பித் தரலாம், பில் இல்லாவிட்டாலும் முழுப் பணத்தையும் தந்துவிடுகிறோம். உள்ளே மருந்து மிச்சம் இருக்கும் சீசாக்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

போர்டு வாங்குபவர்களுக்கு ஒன்று. அசல் எனாமல் போர்டு என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளை உருக்கிப் பிடிக்க வைத்தது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சூளையில் வைத்து எடுப்பார்கள். எனவே எழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். தகரத்தில் அச்சடித்த டூப்ளிகேட் வழவழவென்று இருக்கும். ஆணித்துளையைச் சுற்றிப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து துரு ஏறியிருப்பது குறை ஆகாது, அது வயதின் அடையாளம். எங்கள் கடையில் எடுத்துத் தடவிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

ஏற்கெனவே எங்களிடம் விளம்பரப் பொருள் வாங்கியவர்களுக்குச் சீட்டு இலவசம். பொருளின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு வாரத்தில் எழுதித் தருகிறோம்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறோம். ஹாலோவே மாத்திரைக்கோ வேறு சீமை மருந்துக்கோ தமிழில் அச்சடித்த உபயோக முறைத் தாள் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில், பழைய கணக்கு நோட்டின் நடுவில் கிடைத்தால் எங்களுக்குக் காட்டுங்கள். விலைக்குக் கேட்க மாட்டோம். உங்கள் எதிரிலேயே படம் எடுத்துக்கொண்டு தாளை அப்போதே திருப்பித் தந்துவிடுவோம். நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்த மருந்தை எந்தத் தமிழில் சொல்லி விற்றார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கடையிலிருந்து
காரைக்குடி